மலிவான ஊரில் மாலை கிடையாது

சில மாதங்களுக்கு முன்பு பிரிக்பீல்ட்ஸில் நடந்த ஒரு நூல் உரையாடலுக்குப் போயிருந்தேன். வழக்கம்போல் கடைசி வரிசை. அதற்குக் காரணம் உண்டு. 9 மணிக்கு யாருக்கும் தொந்தரவு இல்லாமல் எழுந்து போகணும். 7:30க்குத் தொடங்க வேண்டிய கூட்டம் 8:10க்குத் தொடங்கியது. வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் முடிந்து, நூலைப் பற்றிப் பேச வேண்டியவர் மைக்கைப் பிடிக்கும்போது மணி 8:45. அவர் நூலைப் பற்றிப் பேசவில்லை. நம்மைப் பற்றிப் பேசினார். "இந்தத் தலைமுறைக்கு வாசிப்பே கிடையாது. கையில போன் இருந்தா போதும்" என்றார். கைதட்டல். அப்போதுதான் நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் மைக்கிலேயே சொன்னார்: "இதோ பாருங்க, பாதியிலேயே கிளம்பிட்டாங்க." சிரிப்பு.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். அந்த ஐயாவுக்கு மட்டும் இல்லை. அன்று சிரித்தவர்களுக்கும், "கிள்ளான்ல இருக்கிறது உனக்கு லாபம்தானே, வாடகை கம்மி" என்று எனக்குக் கணக்குச் சொல்லித்தரும் கோலாலம்பூர் நண்பர்களுக்கும், அந்தக் கணக்கைப் பல வருசம் நம்பிக்கொண்டிருந்த எனக்கும் சேர்த்துத்தான்.

நான் வடகிள்ளானில் லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி பிளாட்டில் நாலாவது மாடியில் இருக்கிறேன். அப்பா, அம்மா, தம்பி, நான். அப்பாவுக்கு செக்யூரிட்டி வேலை, பெரும்பாலும் இரவு ஷிப்ட். அம்மாவுக்கு மூட்டு வலி. தம்பி துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். என் வேலை கோலாலம்பூரில், மாதச் சம்பளம் 3,200 வெள்ளி. படிப்புக் கடன் இன்னும் முடியவில்லை. சோகக் கதை சொல்வதாக நினைக்க வேண்டாம். இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேரின் வீடும் இதே மாதிரிதான் இருக்கும்.

இப்போது கணக்கு. வீட்டுக்கு நான் மாசம் 400 கொடுக்கிறேன். அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை விசாரித்தபோது 900 கேட்டார்கள். ஆக, கிள்ளானில் இருப்பதால் 500 வெள்ளி மிச்சம். நண்பர்கள் இங்கேயே பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். நான் இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன். ரயில் டிக்கெட், எல்.ஆர்.டி., ஸ்டேஷன் வரை போய்வர மோட்டாருக்கு எண்ணெய், ரயிலைத் தவறவிட்ட நாளில் கிராப் என்று மாசம் 300 வெள்ளி போகிறது. மிச்சம் 200.

இனி நேரம். வாசற்கதவிலிருந்து அலுவலகக் கதவு வரை ஒரு வழிக்கு இரண்டே கால் மணி நேரம். மாடியிறங்கி, மோட்டாரில் ஸ்டேஷன் போய், காத்திருந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் நின்று, கே.எல். சென்ட்ரலில் மாறி, இறங்கி நடந்தால் அவ்வளவு ஆகும். போக வர நாலரை மணி நேரம். அந்த 900 வெள்ளி அறையில் இருந்தாலும் போக வர அரை மணி ஆகும். அதைக் கழித்துவிடுகிறேன். நாளுக்கு 4 மணி நேரம், மாசத்துக்கு 22 வேலை நாள், மொத்தம் 88 மணி நேரம்.

88 மணி நேரம் கொடுத்து 200 வெள்ளி மிச்சம் பிடிக்கிறேன். வகுத்துப் பாருங்கள். மணிக்கு 2 வெள்ளி 27 காசு. 2025 முதல் இந்த நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. அதாவது, என் நேரத்தை நாட்டின் ஆகக் குறைந்த கூலியில் கால்வாசிக்குச் சற்று மேலே விற்றுவிட்டு, 'மலிவான ஊரில் இருக்கிறேன்' என்று சந்தோசப்பட்டுக்கொண்டிருக்கிறேன். எந்த முதலாளியாவது இந்தக் கூலியை எனக்குக் கொடுத்தால் தொழிலாளர் துறைக்குப் புகார் எழுதியிருப்பேன். நானே எனக்குக் கொடுத்துக்கொள்வதால் அதற்குச் 'சிக்கனம்' என்று பெயர்.

2023 முதல் வேலைவாய்ப்புச் சட்டப்படி வாரத்துக்கு அதிகபட்ச வேலை நேரம் 45 மணி. 48லிருந்து குறைத்தார்கள். நல்ல விசயம். ஆனால் என்னுடைய 88 மணி என்பது கிட்டத்தட்ட இரண்டு வார வேலை. மாசத்துக்கு நாலு வாரம் சம்பளத்துக்கு உழைத்து, இரண்டு வாரம் சம்பளமில்லாமல் பயணம் செய்கிறேன். சட்டம் குறைத்த மூன்று மணி நேரத்தை ஒரே நாளில் சாலையும் தண்டவாளமும் எடுத்துக்கொள்கின்றன.

ஒரு வீடு மலிவா இல்லையா என்பதற்கு அதிகாரபூர்வமான அளவுகோல் ஒன்று இருக்கிறது. வீட்டின் விலை ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருமானத்தைப் போல 3 மடங்குக்குள் இருந்தால் அது வாங்கத்தக்க வீடு. கஸானா ஆய்வுக் கழகம் 2015ல் வெளியிட்ட அறிக்கை இந்த அளவைத்தான் பயன்படுத்தியது. 2014ல் மலேசியாவுக்கு இது 4.4 மடங்காக இருந்தது என்றும் சொன்னது. என் ஒருத்தியின் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் மூன்று மடங்கு 115,200 வெள்ளி. அந்த விலைக்கு நான் தேடக்கூடியது இப்போது இருக்கும் பிளாட்டைப் போலவே இன்னொரு பழைய பிளாட். மாநில அரசின் ரூமா சிலாங்கூர்கூ திட்டத்தில் 250,000 வெள்ளி வரை வீடுகள் உண்டு. அது என் ஆண்டுச் சம்பளத்தைப் போல ஆறரை மடங்கு.

விலை கூடுதல் என்ற புலம்பல் எல்லாரும் அறிந்ததுதான். எனக்கு அந்த அளவுகோலிலேயே சண்டை. அதில் மேலே விலை இருக்கிறது, கீழே வருமானம் இருக்கிறது. தூரம் எங்கே? வேலையிலிருந்து 5 கிலோமீட்டரில் இருக்கும் வீடும் 50 கிலோமீட்டரில் இருக்கும் வீடும் ஒரே விலையானால் இந்தக் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். தூரத்தில் இருப்பதாலேயே விலை குறைந்த வீட்டுக்கு 'மலிவு' என்று முத்திரை குத்திக் கொடுக்கிற கணக்கு இது. சிகாகோவில் உள்ள ஓர் ஆய்வு மையம் வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் ஒன்றாகக் கூட்டி, இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று ஓர் அளவை வைத்திருக்கிறது. அது இதைவிடப் பரவாயில்லை. ஆனால் அங்கேயும் காசுதான். மணி நேரத்தை யாரும் கூட்டவில்லை.

பொதுப் போக்குவரத்து இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மாசம் 50 வெள்ளி கட்டினால் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், பேருந்து என்று எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம் என்று ஒரு பாஸ் உண்டு. அருமையான திட்டம். நான் ஏறும் கம்யூட்டர் ரயிலுக்கு அது செல்லாது. பக்கத்தில் இருப்பவனுக்கு வரம்பில்லாத பயணம், தூரத்தில் இருப்பவளுக்குத் தனி டிக்கெட். கிள்ளானுக்கு வரும் புதிய எல்.ஆர்.டி. பாதை 2020ல் ஓடும் என்றார்கள். 2018ல் செலவைக் குறைத்துத் திட்டத்தை மாற்றி 2024 என்றார்கள். அந்த வருசமும் போனது. 2020 என்று கேட்டபோது தம்பி பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். இன்று அவன் சம்பாதித்து வாங்கிய மோட்டாருக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான்.

2024 பிப்ரவரி 5ஆம் தேதி கிள்ளான் அரச மாநகரமானது. எங்கள் ஊருக்கு அது பெருமைதான், மறுக்கவில்லை. தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக்கு முந்தின வாரம் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த ஊரை நேசிக்காமல் இருக்க முடியாது. ஆனால் மாநகரம் என்றால் என்ன? மக்கள்தொகையும் வரி வருமானமும் ஒரு கோட்டைத் தாண்டினால் கிடைக்கிற பட்டமா? ஒரு மாநகரத்தில் வசிக்கும் இளைஞர்கள் வேலைக்கும் புத்தகத்துக்கும் நாடகத்துக்கும் இன்னொரு மாநகரத்துக்குப் போய், தூங்க மட்டும் திரும்பி வந்தால், அதை மாநகரம் என்பதா, பெரிய படுக்கையறை என்பதா?

இங்கே என் பாட்டியைப் பற்றிச் சொல்லணும். காப்பார் சாலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டு. மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டு மதியம் இரண்டு மணிக்கு லயத்துக்குத் திரும்பிவிடுவார். லய வாழ்க்கையை நான் கொண்டாட வரவில்லை. கொண்டாடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கொசு, கள்ளுக்கடை, கிராணியின் வாய், தொரையின் வீட்டுக்கு முன்னால் தலையைக் குனிந்து போவது எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டம். 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுவது, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு. கூடவே, தொரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்று ஒன்று. ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சைக்கிளில் உட்கார்ந்தபடி தன் வழியில் போகும் உரிமையும் அந்தப் போராட்டத்தில் இருந்தது. இப்போது எங்கள் யாரையும் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்ல ஆளில்லை. மோட்டாரிலும் காடியிலும் ரயிலிலுமாக நாளுக்கு நாலரை மணி நேரம் உட்கார்ந்தும் நின்றும் கிடக்கிறோம். இறங்க முடியவில்லை.

பாட்டிக்குக் காசு கிடையாது. ஆனால் மாலை இருந்தது. மதியம் இரண்டு மணிக்குப் பிறகு விறகு, தண்ணீர், சமையல் எல்லாம் முடித்தும் ஒரு மாலை மிச்சமிருந்தது. கோயில் திடலில் நாடக ஒத்திகை நடக்கும். எழுத்து தெரிந்த ஒருத்தர் பேப்பரை உரக்க வாசிக்க, தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். என் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் தொடர்கதையில் யார் யாரைக் கைவிட்டார்கள் என்று கடைசி வரை தெரிந்து வைத்திருந்தார். 1950ல் 'தமிழ் நேசன்' நாளிதழ் கதை வகுப்பு நடத்தியது என்பது நம் இலக்கிய வரலாற்றில் எல்லாரும் சொல்லும் செய்தி. அந்த வகுப்பு பத்திரிகையின் பக்கங்களில் நடந்தது என்பதை மட்டும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. பேப்பர் வந்து சேரும் இடத்திலெல்லாம் வகுப்பு நடந்தது. யாரும் பிரிக்பீல்ட்ஸுக்கு வர வேண்டியிருக்கவில்லை. 9 மணிக்கு எழுந்து போக வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்த் தாமான் வந்தது. புக்கிட் ராஜா போன்ற தோட்டப் பெயர்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளின் பெயர்கள். லயத்திலிருந்து இறங்கியவர்களில் பலர் மலிவு விலை பிளாட்டுகளில் ஏறினார்கள். 1982ல் மலிவு வீட்டுக்கு 25,000 வெள்ளி என்று உச்ச விலை வைத்தார்கள். 1998ல் இடத்துக்குத் தகுந்தபடி 42,000 வரை உயர்த்தினார்கள். அப்பா வாங்கியது அப்படி ஒரு வீடுதான். 'சொந்த வீடு' என்று அவர் இன்றும் சொல்லும்போது குரலில் ஒரு நிமிர்வு இருக்கும். அதை நான் கேலி செய்யவே மாட்டேன். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே ஆளின் கையில் இருந்தது. வேலை போனால் வீடும் போகும். அந்தச் சங்கிலி அறுந்தது பெரிய விடுதலை. ஆனால் அறுந்தபோது வேலை ஒரு பக்கமும் வீடு இன்னொரு பக்கமுமாகப் போய் விழுந்தன. நடுவில் இருக்கிற தூரத்தை அளந்து கொடுக்க எந்தத் திட்டத்திலும் ஆளில்லை. அதை நாங்களே எங்கள் உடம்பால் கட்டுகிறோம்.

"ரயிலில் வாசிக்கலாமே?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும் என்று எனக்குத் தெரியும். வாசிக்கிறேன். கம்யூட்டரில் 2010 முதல் பெண்களுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. காலையில் கொஞ்சம் தெளிவாக இருக்கும்போது அதில் நின்றுகொண்டு வாசித்த நாவல்கள் உண்டு. நான் வாசித்ததில் பெரும்பகுதி கிள்ளானுக்கும் சுபாங் ஜெயாவுக்கும் நடுவில் வாசித்ததுதான். சுபாங் ஜெயாவில் கூட்டம் ஏறிவிடும். பிறகு புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்க இடமிருக்காது. மாலையில் வரிகள் கண்ணில் படும், மண்டைக்குள் போகாது. அப்போதுதான் போனை எடுக்கிறேன். ஆமாம் ஐயா, நீங்கள் சொன்ன அதே போன். உங்கள் உரையில் அது நோயின் காரணம். என் ரயிலில் அது பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு மிச்சமிருக்கிற மூளையால் செய்யக்கூடிய ஒரே காரியம்.

வாசிப்பையாவது இப்படித் திருடிக்கொள்ளலாம். எழுத்தை? ஒரு சிறுகதையைத் திருத்த உட்கார்ந்தால் இரண்டு மணி நேரமாவது யாரும் கூப்பிடாமல் இருக்கணும். நான் வீட்டுக்கு வரும்போது மணி எட்டே கால். குளித்துச் சாப்பிட்டு, அம்மாவுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, துணி மடித்து முடித்தால் பத்து. மறுநாள் ஐந்துக்கு எழுந்திருக்கணும். எட்டேகாலுக்கும் பத்துக்கும் நடுவில் இருப்பதைத்தான் எங்கள் ஊரில் மாலை என்று சொல்கிறோம்.

என்னை விடுங்கள். என் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். இடைநிலைப் பள்ளியில் ஒன்றாகப் படித்தோம். என்னைவிட நன்றாக எழுதுவாள். இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, பொறாமையோடுதான் சொல்கிறேன். கல்யாணம் முடிந்து, கிள்ளானில் வீட்டு விலை கட்டாமல் பூன்சாக் ஆலமுக்குப் போனாள். அங்கே அதே காசுக்குத் தரைவீடு, வாசலில் இரண்டு காடி நிறுத்த இடம். படம் அனுப்பியிருந்தாள், எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. அங்கே ரயில் கிடையாது. நாலரைக்கு எழுந்து, பிள்ளையைத் தூக்கத்தோடு குழந்தை பார்க்கும் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, டோல் கட்டி வேலைக்குப் போகிறாள். கணவனுக்கு வேறு பக்கம் வேலை, அதனால் இரண்டு காடி, இரண்டு தவணை.

போன வருசம் ஒரு கதை எழுத ஆரம்பித்து மூன்று பக்கம் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். லிஃப்ட் இல்லாத பிளாட்டில் நாலாவது மாடியில் தனியாக இருக்கும் ஒரு கிழவி. காய்கறி வேன் கீழே வந்து ஹார்ன் அடித்ததும், கயிற்றில் கூடையைக் கட்டி இறக்குகிறாள். கூடை இரண்டாவது மாடியைத் தாண்டும்போது கதை நிற்கிறது. மிச்சம் எங்கே என்று கேட்டேன். "முடிவு தெரியும்டி. உட்கார்ந்து எழுதத்தான் நேரமில்ல" என்று பதில் வந்தது. பிறகு மூன்று மாசம் கழித்துக் கேட்டேன். ஒரு சிரிப்புப் படம் மட்டும் வந்தது. அப்புறம் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். அவளுக்கு அது ஒரு கடன் மாதிரி ஆகிவிடக்கூடாது. அந்தக் கூடை இன்னும் என் போனில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அவள் வாசிக்காத தலைமுறையா? எழுத வராத தலைமுறையா? ஆண்டு முடிவில் 'புதிய எழுத்தாளர்கள் வரவில்லை' என்று நாம் எழுதும் கட்டுரைகளில் அவள் எந்தப் பத்தியில் வருவாள்?

நம் இலக்கியத்தின் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. தோட்டத்தைப் பற்றி நம்மிடம் நிறைய கதைகள் இருக்கின்றன. ஆயாக் கொட்டகையின் தொட்டில்கூட நமக்குத் தெரியும். பிளாட்டைப் பற்றியும் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அங்கே ஒரு ரவுடியோ குடிகாரனோ பாராங் கத்தியோ இருந்தாகணும். பிளாட்டிலிருந்து கிளம்பி ஆறேகாலுக்கு ரயிலேறி, எட்டேகாலுக்குத் திரும்பி வரும் சாதாரண ஆளுக்கு நம் கதைகளில் இடம் குறைவு. காரணம் எளிது. அந்த ஆள்தான் அந்தக் கதையை எழுத வேண்டியவர். அவருக்கு நேரமில்லை. நேரம் இருக்கிறவர்களுக்கு ஆறேகால் ரயில் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரவுக் கூட்டத்துக்கு நான் போகும் நாள் எனக்கு மட்டும் செலவில்லை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஒரு பெண் இரவு பத்தரைக்குத் தனியாக மோட்டாரில் போவதை வீட்டில் விடமாட்டார்கள். நானும் விரும்பமாட்டேன். தம்பி வந்து நிற்பான். அவனுக்குக் காலை ஏழு மணி ஷிப்ட். "நீ போக்கா, நான் வந்து ஏத்திக்கிறேன்" என்பான், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மாமாக் கடையில் ஒரு தே ஓ வாங்கி வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ஒரு நூல் உரையாடலில் என் முக்கால் மணி நேரத்துக்கு அவனுடைய ஒரு இரவு. இதனால்தான் நான் வருசத்துக்கு மூன்று கூட்டத்துக்கு மேல் வருவதில்லை. தம்பி இல்லாத பெண்கள் ஒன்றுக்கும் வருவதில்லை. அரங்கில் பெண்கள் ஏன் குறைவு என்று கருத்தரங்கம் வைக்கிறீர்கள். அதையும் இரவில்தான் வைக்கிறீர்கள்.

'கோலாலம்பூருக்கே வந்து தங்கிவிடேன்' என்பவர்களுக்கு: அப்பா இரவு வேலைக்குப் போனபின் நாலு மாடி ஏறி இறங்க முடியாத அம்மாவோடு யார் இருப்பது? தம்பியையும் அங்கேயே கட்டிப்போட வேண்டுமா? நான் போய்விட்டால் என் பிரச்சினை தீரும். அதே ரயிலில் என் இடத்தில் இன்னொருத்தி நிற்பாள். ஒருத்தி தப்பிப்பதை ஊருக்கான தீர்வு என்று நான் எழுத முடியாது.

தன்முனைப்புப் பேச்சாளர்கள் நமக்குச் சொல்லும் வழி இன்னும் எளிது. தே தாரேக்கைக் குறை, சேமி, தூரமாக இருந்தாலும் ஒரு வீட்டை வாங்கிப் போடு. 'இந்திய இளைஞர்களுக்குச் சேமிப்புப் பழக்கம் இல்லை' என்று மேடையில் திட்டுவார்கள். என் தோழி அவர்கள் சொன்னதை எல்லாம் செய்தாள். சேமித்தாள், வாங்கினாள். இப்போது அவளிடம் வீடு இருக்கிறது, அதில் உட்கார நேரமில்லை.

பேங்க் நெகாரா 2018ல் வாழ்வதற்குத் தேவையான ஊதியம் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2016ஆம் ஆண்டு விலைவாசியில் கோலாலம்பூரில் தனியாள் ஒருவருக்கு மாதம் 2,700 வெள்ளி தேவை என்பது அதன் மதிப்பீடு. இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு 6,500. அந்தத் தொகைகளைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஊதியத்துக்கு அவர்கள் கொடுத்த விளக்கம். சாப்பாடும் கூரையும் மட்டும் போதாது, ஒருவர் சமூக வாழ்க்கையில் பொருளோடு பங்கெடுக்கவும், தன்னையும் குடும்பத்தையும் வளர்த்துக்கொள்ளவும் முடியணும் என்று அதில் இருக்கிறது. நாட்டின் மத்திய வங்கியே சொல்கிறது. ஒரு கூட்டத்துக்குப் போய்க் கடைசி வரை உட்கார்ந்து, கேள்வி நேரத்தில் கைதூக்கி ஒரு கேள்வி கேட்பது ஆடம்பரம் இல்லை. வாழ்க்கைத் தரம் என்றால் அதுவும்தான்.

ஆகவே நான் சொல்வது இதுதான். ஒரு ஊர் மலிவா என்று கேட்டால் வாடகையை மட்டும் சொல்லாதீர்கள். அங்கே இருப்பவருக்கு வேலை நாளில் எத்தனை மணி நேரம் சொந்தமாக மிஞ்சுகிறது என்று கேளுங்கள். அரசியல்வாதி வந்து மலிவு வீடு கட்டித் தருகிறேன் என்றால், எங்கே என்று கேளுங்கள். அங்கிருந்து வேலைக்கு எவ்வளவு நேரம், கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். வீட்டு விலைக்கு உச்சவரம்பு வைக்கத் தெரிந்த அரசாங்கத்துக்குப் பயண நேரத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்துத் திட்டம் போட ஏன் தெரியவில்லை என்று கேளுங்கள்.

இலக்கிய அமைப்புகளிடம் நான் கேட்பது இதைவிடச் சின்னது. இதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் வேண்டாம். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வையுங்கள். மூன்றுக்கே ஆரம்பியுங்கள். வரவேற்புரையை இரண்டு நிமிடத்தில் முடியுங்கள். வருசத்தில் பாதிக் கூட்டங்களையாவது கோலாலம்பூருக்கு வெளியே, கிள்ளானிலும் காஜாங்கிலும் ரவாங்கிலும் வையுங்கள். பெரிய மண்டபம் தேவையில்லை. தமிழ்ப்பள்ளி வகுப்பறை போதும்.

அன்றைக்கு மைக்கில் என்னைப் பார்த்துச் சிரித்த ஐயாவுக்கும் ஓர் அழைப்பு. கிள்ளானில் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்கிறேன். நீங்கள்தான் சிறப்புப் பேச்சாளர். வேலை நாளில், இரவு ஏழரைக்கு. காடியில் வரக்கூடாது, ரயிலில்தான் வரணும். மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குப் போக வேண்டியவர் என்று உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். 8:45க்கு மைக்கை உங்களிடம் கொடுக்கிறோம். 9 மணிக்கு நீங்கள் வாட்சைப் பார்ப்பீர்கள். நாங்கள் யாரும் சிரிக்கமாட்டோம். தம்பி வெளியே மோட்டாரோடு நிற்பான், ஸ்டேஷனில் கொண்டுவந்து விடுவான்.